தெரியாததைத் தெளிவாகக் கேட்பது: கடற்கரையிலிருந்து மென்பொருள் வேலைக்குப் போகிறவர்களுக்கு

மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை என்று எங்கள் கடற்கரையில் எந்த ஊரிலிருந்து வந்தாலும், பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த லாங்குவேஜ் படிச்சா வேலை கிடைக்கும் அண்ணே?" நியாயமான கேள்வி. ஆனால் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் பல ஆண்டுகள் நிரல் எழுதிவிட்டு, இப்போது ஊரில் இருந்தபடியே அதே வேலையைச் செய்துவரும் நான் கண்டவரையில், மொழியைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததால் பின்தங்கியவர்கள் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு. தமக்கு விளங்காத ஒன்றை உரிய நேரத்தில், உரியவரிடம், அவர் உதவக்கூடிய விதத்தில் எடுத்துச் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியவர்கள்தான் அதிகம். நல்ல அறிவுள்ள பிள்ளைகள் அப்படி ஒதுங்கிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

மொழிக் கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. பைத்தானில் தொடங்கலாம், கல்லூரியில் ஜாவா கற்பித்திருந்தால் அதையே தொடரலாம், இணையப் பக்கங்கள் செய்ய ஆசை என்றால் ஜாவாஸ்கிரிப்ட் எடுக்கலாம். எதை எடுத்தாலும் ஆறு மாதமாவது மாற்றாமல் இருங்கள். கூடவே எஸ்.க்யூ.எல். கற்றுக்கொள்ளுங்கள், வங்கி, காப்பீடு, மருத்துவமனை என எந்தத் துறைக்கான மென்பொருளிலும் தகவல்களைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளம் என்று ஒன்று இருக்கும், அதை எஸ்.க்யூ.எல். மொழியில் கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு எல்லாக் குழுவிலும் இடம் உண்டு. பணம் கட்டிப் பயிற்சி மையத்தில் சேர்வதற்கு முன்பு, ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களையும், தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் பாடம் ஏறவில்லை என்றால், கணியம் இணையத்தளத்தில் தமிழிலேயே எழுதப்பட்ட தொழில்நுட்பக் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பாடத்தைப் பார்த்து முடித்ததும் எல்லோரும் செய்கிற அதே கால்குலேட்டரையும் அதே நூலகப் பட்டியலையும் நீங்களும் செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே ஒரு கணக்கு நடந்துகொண்டிருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் பயின்ற ஒரு தம்பி வள்ளத்துப் பங்குக் கணக்கை நிரலாக எழுதினான். வந்த காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தில் பாதி வள்ளத்துக்கும் வலைக்கும், மறுபாதி தொழிலுக்குப் போனவர்களுக்கு என்பது அவன் வீட்டில் இருந்த வழக்கம். ஊருக்கு ஊர் இது மாறும். 8,650 ரூபாய் வரவு, 2,150 ரூபாய் செலவு என்றால் மிச்சம் 6,500. அதில் பாதியான 3,250-ஐ மூன்று பேருக்குப் பிரித்தபோது திரையில் 1083.33 என்று வந்து, அதற்குப் பின்னாலும் மூன்றுகள் நீண்டுகொண்டே போயின. காசோடு நிறுத்தி மூன்று பங்கையும் கூட்டினால் 3,249.99 வந்தது. ஒரு காசு எங்கே போனது?

இந்த இடத்தில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கணினி பின்ன எண்களை இரும முறையில் வைத்துக்கொள்வதால் பல தசம எண்களை அதனால் துல்லியமாக வைத்திருக்க முடியாது என்பது ஒன்று. பைத்தானில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டிப் பாருங்கள்; 0.30000000000000004 என்று விடை வரும். ஆகவே பணக் கணக்கை எழுதுகிறவர்கள் ரூபாயைக் காசாக்கி முழு எண்ணாக வைத்துக்கொள்வார்கள், அல்லது தசமக் கணக்குக்கென்றே உள்ள டெசிமல் வகையைப் பயன்படுத்துவார்கள். மற்றொன்று இதைவிடப் பெரியது. முழு எண்ணாக்கிய பிறகும் ஒரு காசு மிஞ்சத்தான் செய்யும். அது யாருக்கு என்று எந்த மொழியும் சொல்லாது. அந்தத் தம்பி வள்ளத்துச் சம்மாட்டியான, அதாவது வள்ளத்தின் உரிமையாளரான, தன் மாமாவிடமே போய்க் கேட்டான்.

"மாமா, பிரிச்சது போக மிஞ்சுற காச யாரு கணக்குல எழுதுறது?"

"எந்தக் காசு மாப்ள? நாங்க பத்துப் பத்தா முறிச்சுத்தானே பிரிக்கிறோம். மிஞ்சுறது மறுநாள் ஐஸ் காசுல சேர்ந்துரும்."

ஆளுக்கு 1,080 ரூபாய். மிஞ்சிய பத்து ரூபாய் மறுநாள் ஐஸுக்கு. இப்படி ஒரு விதி இருப்பதே அதுவரை அவனுக்குத் தெரியாது, அவன் அந்த வீட்டிலேயே வளர்ந்தவன் என்றாலும். மென்பொருள் நிறுவனங்களில் 'ரிக்வயர்மென்ட்' என்று ஒரு பெரிய சொல்லாகச் சொல்லப்படுவது இதைத்தான். தொழில் செய்கிறவர்களின் தலைக்குள் இருக்கும், அவர்களே விதி என்று நினைத்திராத விதிகளைக் கேட்டு வாங்குவது. பிற்பாடு அவன் ஒரு நேர்காணலில் இந்தப் பத்து ரூபாயைப் பற்றித்தான் அதிக நேரம் பேசியதாகச் சொன்னான்.

அடுத்து எரர் செய்தி. புதியவர்கள் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் படிக்காமலே மூடிவிட்டு, எழுதியதை எல்லாம் அழித்துத் திரும்ப எழுதத் தொடங்குகிறார்கள். பைத்தானின் எரர் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைசி வரியில் என்ன தவறு என்பது இருக்கும். அதற்கு மேலே எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் என்பது இருக்கும். ஆங்கிலம் புரியவில்லை என்றால் அந்தக் கடைசி வரியை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதி, எதனால் வந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிறவை ஒரு கைப்பிடி எரர்கள்தான் என்பதால், சில வாரங்களிலேயே அந்த நோட்டு உங்கள் பயத்தைப் பாதி குறைத்துவிடும்.

படித்தும் தீரவில்லை என்றால் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதற்கு, பாக் நீரிணைப் பக்கம் உள்ள ஓர் ஊரைச் சேர்ந்த மாணவி எனக்கு அனுப்பிய செய்தியை நான் எல்லோருக்கும் காட்டுவது உண்டு. தன் அப்பா வலை விடும் இடங்களை அவருடைய ஜி.பி.எஸ். கருவியிலிருந்து எடுத்து ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டிருந்தார். செய்தி ஏறக்குறைய இப்படி இருந்தது: "அப்பாவின் கருவியில் வடக்கு 9° 24.600' என்று இருக்கிறது. நான் நிரலில் 9.24600 என்று கொடுத்தேன். புள்ளி பாக் நீரிணையில் வர வேண்டும். ஆனால் மண்டபத்தைத் தாண்டி மன்னார் வளைகுடாப் பக்கம் விழுகிறது. எல்லாப் புள்ளிகளும் தென்மேற்காகவே தள்ளுகின்றன, தூரம் மட்டும் மாறுகிறது. எண்களைத் திரும்பச் சரிபார்த்துவிட்டேன், தட்டச்சுப் பிழை இல்லை."

பதில் எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கருவி காட்டுவது பாகையும் (டிகிரி) கலையும் (மினிட்). 60 கலை சேர்ந்தால்தான் ஒரு பாகை. வரைபட நிரல் கேட்பதோ பாகையைத் தசமத்தில். 24.6-ஐ 60-ஆல் வகுத்தால் 0.41, ஆகவே கொடுக்க வேண்டியது 9.41. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். 9.41-க்கும் 9.246-க்கும் உள்ள வித்தியாசம் 9.84 கலை, தெற்கு நோக்கி ஏறக்குறைய 18 கிலோமீட்டர். இதை எவரும் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் விரைவில் கண்டுபிடிக்கும்படி செய்தது அந்தச் செய்தி. என்ன கொடுத்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, எதைச் சரிபார்த்துவிட்டேன் என்ற நான்கும் அதில் இருந்தன. எஞ்சின் நின்றுபோன படகிலிருந்து வயர்லெஸ்ஸில் பேசுகிறவர் முதலில் தான் நிற்கும் இடத்தைச் சொல்லி, எது பழுது, படகில் எத்தனை பேர் என்று அடுத்தடுத்துச் சொல்வதைப் போல அது இருந்தது. அலுவலகத்தில் மூத்தவருக்கு "ஹாய்" என்று மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதிலுக்காக மதியம் வரை காத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வணக்கமும் கேள்வியும் ஒரே செய்தியில் போகட்டும்.

வேலை தேடும் கட்டத்தில் கேள்வி கேட்பது இன்னும் அவசியமாகிறது, ஏனென்றால் அங்கே ஏமாற்றுகிறவர்களும் காத்திருக்கிறார்கள். வேலை தருவதற்காகப் பணம் கேட்கும் எந்த நிறுவனத்துக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்; அதற்கு 'டெபாசிட்' என்று பெயரிட்டாலும், 'டிரெயினிங் பீஸ்' என்று பெயரிட்டாலும் ஒன்றுதான். வீட்டு நகையை அடகு வைத்து அப்படிக் கட்டிய குடும்பம் எனக்குத் தெரியும். அந்த அலுவலகம் சில மாதங்களில் பூட்டப்பட்டுவிட்டது. அசல் சான்றிதழ்களைப் பார்க்கக் கொடுக்கலாம், அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாது. பாண்டு கையெழுத்து கேட்டால், எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு தொகை, அந்தத் தொகை எதற்கானது என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்கி, வீட்டில் ஒருவருக்கும் வெளியில் விவரம் தெரிந்த ஒருவருக்கும் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சம்பளம் என்று அவர்கள் சொல்லும் ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, அதுதான் கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு, என்ற அந்தத் தொகைக்குள் நிறுவனம் உங்கள் வருங்கால வைப்பு நிதிக்குக் கட்டும் பங்கும், பல இடங்களில் பணிக்கொடையும், மருத்துவக் காப்பீட்டுத் தொகையும், கிடைத்தால் மட்டும் கிடைக்கும் ஊக்கத் தொகையும் சேர்ந்திருக்கும். வைப்பு நிதிக்கு உங்கள் அடிப்படைச் சம்பளத்தில் பொதுவாக 12 விழுக்காடு உங்களிடமும் பிடிப்பார்கள். "மாதம் என் வங்கிக் கணக்குக்கு எவ்வளவு வரும்?" என்று எச்.ஆரிடம் நேராகக் கேளுங்கள். அது அநாகரிகமான கேள்வி என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள், எச்.ஆர். அதற்குப் பதில் சொல்வதற்காகவே அங்கே இருக்கிறார். வைப்பு நிதிக்காக உங்களுக்குத் தரப்படும் யு.ஏ.என். எண் வந்தவுடன் வைப்பு நிதிக் கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பார்த்துவரும் பழக்கமும் இருக்கட்டும்.

வேலையில் சேர்ந்த முதல் மாதங்களில் நீங்கள் எழுதுவதைவிடப் படிப்பதுதான் அதிகமாக இருக்கும். பல பேர் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த நிரலுக்கு நடுவே உங்களை விடுவார்கள். எல்லாவற்றையும் புரிந்துகொண்ட பிறகு தொடங்கலாம் என்று இருக்க வேண்டாம். ஒரு சிறிய பிழைத் திருத்தத்தைக் கேட்டு வாங்கி, அது தொடும் பாதையை மட்டும் பின்தொடர்ந்து போங்கள். கிட் இதற்குப் பெரிய துணை. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல் வளர்ச்சிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய அந்தக் கருவி இன்று அநேகமாக எல்லா நிறுவனங்களிலும் இருக்கிறது. ஒரு வரியை யார், எப்போது, என்ன காரணம் சொல்லி மாற்றினார் என்பதை அதில் பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகு அவரிடமே போய்க் கேட்கலாம்.

உங்கள் நிரலை மற்றவர்கள் ரிவ்யூ செய்து குறிப்புகள் எழுதும்போது முகம் வாடும். அது இயல்பு. ஆயினும் இருபது குறிப்புகள் வந்தால் இருபது பாடங்கள் இலவசமாக வந்திருக்கின்றன என்று எடுத்துக்கொண்டவர்கள்தான் விரைவில் தேறினார்கள். புரியாத குறிப்பை "சரி" என்று சொல்லி மூடிவிடாமல், இப்படி மாற்றினால் என்ன நன்மை என்று அதன் கீழேயே எழுதிக் கேளுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் தங்கள் முறை வரும்போது வியர்த்துப்போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் கேட்கப்படுவது பெரும்பாலும் மூன்றுதான்: நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்யப் போகிறீர்கள், எங்கே தடை. மூன்றுக்கும் மூன்று சிறிய வாக்கியங்களை முன்னதாகவே எழுதி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே படியுங்கள். ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். மூன்றாவது கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். "எல்லாம் சரியாகப் போகிறது" என்று நான்கு நாள் சொல்லிவிட்டு ஐந்தாம் நாள் முடியவில்லை என்றால், டீம் லீடிடம் மாற்று வழி எதுவும் இருக்காது. முதல் நாளே சொன்னால் ஓர் ஆளைச் சேர்த்துவிடலாம், அல்லது கிளையன்ட்டிடம் நாளைத் தள்ளிக் கேட்கலாம்.

பெயர் சொல்லி அழைப்பதும் நமக்குக் கடினம். வீட்டில் அண்ணன், அக்கா, மாமா என்றும், கீழக்கரைப் பக்கம் காக்கா, லாத்தா என்றும் மூத்தவர்களை முறை வைத்தே அழைத்துப் பழகிய வாய்க்கு, அப்பா வயதுள்ள மேனேஜரைப் பெயரிட்டு அழைக்க வராது. சில காலம் "சார்", "மேடம்" என்றே சொல்லுங்கள், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. மரியாதை என்ற பெயரில் அவர் சொன்ன தவறான கணக்கைத் திருத்தாமல் விடுவதில்தான் கெடுதல் இருக்கிறது. "சார், நீங்கள் சொன்னபடி செய்தால் பழைய ரசீதுகள் கணக்கில் வராமல் போய்விடுமே, பார்த்துச் சொல்கிறீர்களா?" என்று பணிவாகவே சொல்லலாம்.

வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் உண்மையான தரவுத்தளத்தைத் தொட அனுமதி கிடைக்கும் நாளில் கூடுதல் கவனம் வேண்டும். எதையாவது மாற்றவோ நீக்கவோ கட்டளை எழுதினால், அதே நிபந்தனையோடு முதலில் தேடிப் பார்த்து எத்தனை வரிசைகள் சிக்குகின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு, உறுதி செய்யும் வரை மாற்றத்தைத் திரும்பப் பெற வழிவிடும் டிரான்சாக்ஷனைத் தொடங்கி மாற்றுங்கள். எண்ணிக்கை பொருந்தினால் உறுதி செய்யுங்கள், பொருந்தாவிட்டால் ரோல்பேக் செய்து பழைய நிலைக்கே திரும்புங்கள். பக்கத்தில் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

சாட்ஜிபிடி, கோபைலட் போன்ற கருவிகளை இப்போது எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், நானும் பயன்படுத்துகிறேன். பயிலும் காலத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: அது தந்த நிரலில் உங்களால் வாய்விட்டு விளக்க முடியாத வரி ஒன்று இருந்தாலும் அதைச் சேர்க்காதீர்கள். பாகையையும் கலையையும் குழப்பிய எண்களைக் கொடுத்தால் அதுவும் அவற்றை வைத்து அழகான வரைபடத்தைப் போட்டுத் தந்துவிடக்கூடும். புள்ளி எந்தக் கடலில் விழுந்திருக்கிறது என்று பார்ப்பது உங்கள் வேலை. நிறுவனத்தின் நிரலையோ, கடவுச்சொல்லையோ, வாடிக்கையாளர் விவரங்களையோ நிறுவனம் அனுமதிக்காத கருவியில் ஒட்டினால் வேலையே போய்விடலாம்.

பெண் பிள்ளைகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோர் எங்கள் பக்கத்தில் இன்னமும் நிறைய. அவர்களிடம் நான் சொல்வது, இரவுப் பணி உண்டா, வீடு வரை வண்டி வருமா, தங்குமிடம் எங்கே என்பவற்றைச் சேர்வதற்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள் என்பதுதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று சேர்ந்த வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளுங்கள், பக்கத்து இருக்கைத் தோழிக்குத் தேவைப்படலாம்.

ஊரிலிருந்தே வேலை செய்யும் வாய்ப்புக் கிடைத்தால் சில ஏற்பாடுகள் தேவைப்படும். உப்புக்காற்று லேப்டாப்பின் துளைகளுக்குள் இருக்கும் உலோக இணைப்புகளைத் துருவேற்றிவிடும். வேலை முடிந்ததும் உறையில் மூடி, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யு.பி.எஸ். ஒன்று, வெவ்வேறு நிறுவனங்களின் சிம் இரண்டு, முன்கூட்டியே இறக்கி வைத்த ஆவணங்கள் ஆகியவை இருந்தால் நாள் வீணாகாது. செய்த வேலையைக் கிட்டில் அன்றன்றே மேலேற்றிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் இணையம் போகும் வரை காத்திராமல், காலையிலேயே குழுவுக்குத் தகவல் கொடுங்கள்.

வேலையை விட்டு வேறிடம் போகும்போதும் கேட்டு முடிக்க வேண்டியவை இருக்கின்றன. நோட்டீஸ் காலம் பல நிறுவனங்களில் 60 அல்லது 90 நாள். புதிய இடம் அதுவரை காத்திருக்குமா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே விலகல் கடிதம் கொடுங்கள். கடைசி நாளுக்கு முன்பு ரிலீவிங் லெட்டர் எப்போது வரும், மீதிச் சம்பளம் எந்தத் தேதியில் ஏறும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். புதிய இடத்தில் இன்னொரு யு.ஏ.என். எண் உருவாகிவிடாமல் பழைய எண்ணையே கொடுத்து, வைப்பு நிதியை அதற்கே மாற்றிக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டுகளையும் வருமான வரி பிடித்ததற்கான சான்றிதழையும் அலுவலக மின்னஞ்சல் மூடப்படுவதற்கு முன்பே உங்கள் சொந்தக் கணக்குக்கு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிறுவனம் முதலில் கேட்பது அவற்றைத்தான்.